காய்ச்சல் கேள்விகள், கஷாயப் பதில்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். முழங்கால் வலியும் முடி உதிர்வும் பின்னால் போய், காய்ச்சல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் இந்த இதழில் காய்ச்சல், குளிர், கஷாயம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதைத்தான் போட்டிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தென்காசி வாசகி: நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் வாங்கி வைத்திருக்கிறேன் டாக்டர். பாக்கெட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. எவ்வளவு பொடிக்கு எவ்வளவு தண்ணீர்? என் மாமியார் காலையில் ஒரு குண்டான் நிறையக் காய்ச்சி வைத்துவிட்டு, ராத்திரி வரை வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்கிறார். சரிதானா?

பதில்: மாமியாரின் அக்கறைக்கு ஒரு கும்பிடு. குண்டானை மட்டும் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

சூரணம் 5 கிராம், தண்ணீர் 240 மில்லி. சிறுதீயில் வைத்து 60 மில்லியாக, அதாவது நாலில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். பெரியவர்களுக்கு வேளைக்கு 30 முதல் 60 மில்லி, காலையும் மாலையும். "நாலில் ஒரு பங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கிளினிக்கில் தினமும் யாராவது கேட்பார்கள். நான் சொல்லும் வழி இது. பாத்திரம் காலியாக இருக்கும்போதே மருந்து மூடியால் அளந்து 60 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். மரக்கரண்டியின் காம்பை அடிவரைக்கும் நேராக விட்டு, ஈரம் பட்ட இடத்தில் கத்தியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். அப்புறம் மீதித் தண்ணீரையும் பொடியையும் போட்டுக் காய்ச்சி, நடுநடுவே காம்பை விட்டுப் பாருங்கள். கோட்டுக்கு வந்ததும் இறக்கலாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர் ஆவியாகிப் போகுமே தவிர, வேரிலும் கிழங்கிலும் இருக்கும் சத்து இறங்காது. மண்சட்டி நல்லது, எவர்சில்வரும் பரவாயில்லை. அலுமினியம் வேண்டாம்.

பொடி ஒன்றிரண்டாக, கொரகொரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கஷாயத்துக்கு அதுதான் பதம். மாவு போல அரைத்திருந்தால் துணியில் வடியாமல் அடியில் சேறாகத் தங்கிவிடும். கொதி வந்ததும் முதலில் வெட்டிவேர் வாசம் எழும், கொஞ்ச நேரத்தில் அதை மூடிக்கொண்டு கசப்பு நெடி வரும். பெயரில் நிலவேம்பு இருந்தாலும் இது தனி நிலவேம்பு இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு ஆகிய ஒன்பதும் சம எடையில் சேர வேண்டும். தனி நிலவேம்புப் பொடியையே "நிலவேம்புக் குடிநீர்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். பாக்கெட்டில் ஒன்பது சரக்கின் பெயர், உரிம எண், காலாவதித் தேதி மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காய்ச்சிய கஷாயத்தை 3 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் வைத்தது ராத்திரிக்கு ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்குவதும் வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு காய்ச்சல்தான், அதாவது அடுப்பில்! காய்ச்சல் இல்லாத மற்றவர்களுக்கு எதற்கு ஊற்றுகிறார் என்பதை அடுத்த பதிலில் பார்ப்போம்.

கோவை கல்லூரி மாணவர்: ஹாஸ்டலில் டெங்கு வந்துவிட்டது. வாரம் ஒரு முறை நிலவேம்புக் குடிநீர் குடித்தால் டெங்கு வரவே வராது என்று வார்டன் சொல்கிறார். நண்பன் ஒருவன் பப்பாளி இலைச்சாறு குடித்தால் எந்த மாத்திரையும் வேண்டாம் என்கிறான். எது உண்மை?

பதில்: இரண்டும் இல்லை, தம்பி.

நான் சித்த மருத்துவம் படித்தவள், நிலவேம்பை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டிப் போட்டபோதும், 2012-ல் டெங்கு பரவியபோதும் ஊர் ஊராக இந்தக் கஷாயத்தை ஊற்றியதைப் பார்த்திருக்கிறோம். காய்ச்சல் வேகத்தையும் உடம்பு வலியையும் தணிக்க உதவுகிற மருந்து இது. ஆனால் வாரம் ஒரு டம்ளர் குடித்தவரைக் கொசு கடித்தால் டெங்கு வராது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கொசுவுக்கு உங்கள் வாய்க் கசப்பு தெரியாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சாக்கடையைத் தேடிப் போகாது, நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஹாஸ்டல் மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, மூடாத டிரம், வாட்டர் கூலருக்கு அடியில் இருக்கும் தட்டு, இவையெல்லாம் அதற்கு வீடுதான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. வார்டனிடம் வாரம் ஒரு முறை கஷாயம் கேட்பதைவிட, வாரம் ஒரு முறை பிரஷ் கேளுங்கள்.

சரி, காய்ச்சல் வந்தே விட்டது என்று வையுங்கள். முதல் நாளின் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காய்ச்சலுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். டெங்கு என்றால் அந்தத் தேதிக்குத் தனி மதிப்பு உண்டு. முதல் ஐந்து நாளுக்குள் ரத்தத்தில் கிருமியின் தடயத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை. எந்த நாளில் எதை எடுப்பது என்பதே தேதியைப் பொறுத்தது. இன்னொன்று, மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, கஷாயம் வேலை செய்துவிட்டது" என்று வீடு மூச்சுவிடும் நேரம் அது. ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும், ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் விழும். காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாளில் கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, எழ முடியாத சோர்வு அல்லது இருப்புக்கொள்ளாத தவிப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரவு இரண்டு மணி என்றாலும் ஓடுங்கள்.

பப்பாளி இலைச்சாறு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் கூட்டுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது தட்டணு எண்ணிக்கை மட்டும் இல்லை, அந்த நீர்க்கசிவும்தான். அதை இலைச்சாறு அடைக்காது. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பையனுக்குக் கசப்புச் சாற்றை வலுக்கட்டாயமாகப் புகட்டி, உள்ளே இருக்கும் கொஞ்சம் தண்ணீரையும் வெளியேற்றுவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். குடிக்க முடிந்தால் குடியுங்கள், குமட்டினால் விடுங்கள். தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், இளநீர், ஓஆர்எஸ் இவைதான் முதல் மருந்து.

மாத்திரை எதுவும் வேண்டாம் என்ற உங்கள் நண்பருக்கு ஒரு திருத்தம்: பாராசிட்டமால் போடலாம், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அந்த வகை ஊசிகளும் டெங்கு சந்தேகம் இருக்கும்போது கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

சென்னை வாசகி: கஷாயமும் மாத்திரையும் ஒன்றாகச் சாப்பிடலாமா?

பதில்: ஒரே மடக்கில் வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். என்ன மாத்திரை என்று எனக்கும், என்ன கஷாயம் என்று மாத்திரை எழுதிய டாக்டருக்கும் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் மறைப்பதுதான் வம்பு.

கூடலூர் வாசகர்: ஒடிசாவில் ரோடு வேலைக்குப் போய்விட்டு ஊர் திரும்பினேன். ஒருநாள் மத்தியானம் பல் கிட்டுகிற மாதிரி குளிர், மூன்று கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. அப்புறம் உடம்பு கொதித்தது, அப்புறம் வியர்த்துக் கொட்டி எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் ஒன்றுமே இல்லை. அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும். அம்மா மிளகும் துளசியும் போட்டுக் கஷாயம் தருகிறார். தொடரலாமா?

பதில்: அம்மா கொடுப்பதைக் குடித்துவிட்டு, அதே கையோடு அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைக் கொடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது மலேரியாவின் ஜாதகம். குளிர், கொதிப்பு, வியர்வை என்று மூன்று கட்டம். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை. போதாததற்கு ஒடிசாவில் தங்கி வேலை. நம் பெரியவர்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்னது இதைத்தான்.

குளிர் ஏன் வருகிறது என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடம் உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறது. கிருமி நுழைந்ததும் அந்தக் குறி மேலே ஏறுகிறது. உடம்பு 98 டிகிரியில் இருக்கிறது, குறி 103-க்குப் போய்விட்டது. அந்த இடைவெளிதான் உங்களுக்குக் குளிராகத் தெரிகிறது. தசைகள் தாமாக உதறிச் சூட்டை உண்டாக்கி, குறியை எட்டிப் பிடிக்கின்றன. குறி கீழே இறங்கியதும் மிச்சச் சூட்டை வெளியேற்ற வியர்க்கிறது. மலேரியாவில் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு கிருமிகள் ஒரே சமயத்தில் வெளியே வருவதால், இந்த நாடகம் நேரம் தவறாமல் நடக்கிறது. மிளகுக் கஷாயம் குடித்தால் வியர்க்கும், இதமாக இருக்கும். சிவப்பணுவுக்குள் இருப்பவனை அது தொடாது.

மூலிகையால் மலேரியா போகாதா என்று வீட்டில் கேட்டால் சொல்லுங்கள்: மலேரியா மருந்தே மூலிகையில் பிறந்ததுதான், அதுவும் உங்கள் மலையிலேயே வளர்ந்தது. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலையின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பெல்லெத்தியே, கவெந்தூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் வெள்ளைக்காரர்கள் அந்த மரத்தை நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டு வளர்த்தார்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் நடுவட்டத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். இன்று கொடுக்கப்படும் ஆர்டிமிசினின் வகை மருந்தும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனாவின் தூ யூயூ அம்மையார் பழைய மருத்துவச் சுவடிகளைப் புரட்டியபோது, ஒரு குறிப்பில் செடியைக் காய்ச்சச் சொல்லாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. சூடு பட்டால் மருந்து கெடுகிறது என்று அவர் அங்கே பிடித்தார். அதற்கு 2015-ல் நோபல் பரிசு. கஷாயம் என்றாலே கொதிக்க வைப்பது என்று நினைக்கிற நமக்கு அதில் பாடம் இருக்கிறது. ஆனால் ஒன்று, அந்தச் செடி நம்ம ஊர் மாசிபத்திரி இல்லை. அந்தச் செடியையே தேநீர் போட்டுக் குடித்தால்கூட மருந்தின் அளவு போதாது, கிருமி பாதி செத்துப் பாதி பிழைத்து மருந்துக்குப் பழகிவிடும். உலக சுகாதார நிறுவனமும் அந்தத் தேநீரை ஆதரிப்பதில்லை.

மாத்திரை கொடுத்தால் முழுவதும் சாப்பிடுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துக்கூடத் திரும்பும். அதற்காகத்தான் 14 நாள் பிரைமாகுவின் கொடுக்கிறார்கள். மூன்றாவது நாளே உடம்பு லேசாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

திருச்சி வாசகர்: குளிர் நடுங்கும்போது போர்த்தலாமா, போர்த்தினால் காய்ச்சல் ஏறும் என்கிறார்களே?

பதில்: நடுங்கும்போது போர்த்துங்கள். நடுக்கம் நின்று உடம்பு கொதிக்க ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். ஈரத்துணி ஒத்தடத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஐஸ் தண்ணீர் பட்டால் நடுக்கம் கூடும்.

சேலம், ஓர் இளம் தாய்: எட்டு மாதக் குழந்தைக்குச் சளியோடு காய்ச்சல். பாட்டி கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்து தேனில் குழைத்துத் தரச் சொல்கிறார். நொச்சி இலை போட்டு ஆவியும் பிடிக்கச் சொல்கிறார்.

பதில்: தேன் கூடவே கூடாதும்மா. ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் பிஞ்சுக் குடலில் வளர்ந்து, நரம்பைத் தளர வைக்கும் நஞ்சை உண்டாக்கும். சுத்தமான மலைத்தேன் என்றாலும் இதே கதைதான்.

ஆவியும் வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டு... நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் ஆவி பிடிக்கப் போய்த் தொடை வெந்த குழந்தை ஒன்றாவது கண்ணில் படும். நொச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு, பெரியவர்களின் மூக்கடைப்புக்கு நல்லது. அதுவும் அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம். அதோடு, ஆவி மூக்கைத் திறக்கும், காய்ச்சலை இறக்காது.

கற்பூரவள்ளியைப் பாட்டிக்காகவே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும். இப்போது தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து. பாராசிட்டமால் சிரப்பின் அளவு எடையைப் பொறுத்தது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அளவைக் கேட்டு ஊற்றாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, விலாப்பக்கம் உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே டாக்டர். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே ஆஸ்பத்திரிதான், அதில் வீட்டு வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாகர்கோவில் வாசகி: மூன்று மாதக் கர்ப்பம். காய்ச்சலும் இருமலும். ஆடாதோடைக் கஷாயம் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இருமலுக்கு ஆடாதோடை எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு, அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில இருமல் மருந்தே உருவானது என்பது சாட்சி. அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கவும் வைக்கும். நிலவேம்பும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கர்ப்ப காலத்தில் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், காய்ச்சலின் காரணம் தெரிய வேண்டும்.

மதுரை வாசகர், வயது 62: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். காய்ச்சலுக்கு நிலவேம்பு குடிக்கலாமா அம்மா?

பதில்: மூன்று நாள், அளவோடு குடிக்கலாம் ஐயா. ஆனால் நிலவேம்பு சர்க்கரையையும் அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும். காய்ச்சலில் நீங்கள் சரியாகச் சாப்பிடவும் மாட்டீர்கள். மாத்திரை, கஷாயம், அரைப் பட்டினி மூன்றும் சேர்ந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. தினமும் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் உங்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

திருவண்ணாமலை, விவசாயி: அப்பாவுக்கு ஏழு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. விஷ்ணுகிராந்திக் கஷாயம், பவளமல்லி இலைக் கஷாயம் இரண்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். இறங்கவில்லை. வேறு என்ன மூலிகை கொடுக்கலாம்?

பதில்: இதற்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் தனியே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே.

வேறு மூலிகை தேட வேண்டாம். அப்பாவின் சட்டையைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் அரைஞாண் படும் இடம், முழங்கால் மடிப்பு, முதுகு, காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிச் சிவந்த விளிம்புமாக ஒரு சின்னப் புண் இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. இருந்தால் அது பெரும்பாலும் உண்ணிக்காய்ச்சல். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு கடித்து வருவது. மழைக்குப் பிறகு குளிர் மாதங்களில் நம் வட மாவட்டங்களில் நிறையப் பார்க்கிறோம். புண் இல்லாவிட்டாலும் வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கு இது கட்டுப்படும், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவர் என்றால் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண் சிவப்பதும் கெண்டைக்கால் தசை பிடித்து வலிப்பதும் அதன் அடையாளம்.

விஷ்ணுகிராந்தியும் பவளமல்லியும் தப்பான மருந்துகள் இல்லை. சித்த நூல்களில் சுரத்தை, அதாவது காய்ச்சலை, 64 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 64 என்று பிரித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம் என்று சொல்லவில்லையே. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர், மருந்தின் பெயரைச் சொல்லும் மாணவரைப் பார்த்து "முதலில் சுரத்தின் பெயரைச் சொல்" என்பார். இன்று சுரத்தின் பெயரைச் சொல்ல லேப் இருக்கிறது. சித்தர்களுக்கு அது கிடைத்திருந்தால் முதல் ஆளாக வரிசையில் நின்றிருப்பார்கள். மூன்று நாளில் இறங்காத காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை. மாலையில் மட்டும் எட்டிப் பார்க்கும் காய்ச்சலும் இருமலும் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை, காசநோயா என்று பார்க்க. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

தஞ்சாவூர் வாசகி: 2020-ல் கொரோனா வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் தினமும் கபசுரக் குடிநீர் குடிக்கிறோம். எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுதானே?

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். அது காபி இல்லை. சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம் என்று காரமும் சூடுமான சரக்குகளோடு 15 பொருள் சேர்ந்த மருந்து. கப சுரத்துக்கு, அதாவது சளியோடு வரும் காய்ச்சலுக்கு, குறிப்பிட்ட நாளுக்கு என்று சொல்லப்பட்டது. வருடக்கணக்கில் குடித்தால் வயிறு எரியும், வாய்ப்புண் வரும். அதில் இருக்கும் சீந்திலையே தனியாக நாள்கணக்கில் குடித்து ஈரல் வீங்கியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வேலை செய்கிற எந்த மருந்துக்கும் மறுபக்கம் உண்டு. இவ்வளவு நாள் குடித்திருப்பதால் எல்லோரும் ஒருமுறை ஈரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மனசுக்கும் நிம்மதி.

கும்பகோணம் வாசகர்: 'லங்கணம் பரம ஔஷதம்' என்று சொல்லித் தாத்தா காய்ச்சல் வந்தால் பட்டினி போடுகிறார். குழந்தைகளையும்.

பதில்: தாத்தா தன் மட்டில் ஒரு வேளை லங்கணம் இருக்கட்டும். பசிக்காதபோது திணிக்காதே என்பதுதான் அதன் சாரம், பசித்தவனைப் பட்டினி போடு என்பது இல்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் பட்டினி இருக்கக் கூடாது. புழுங்கலரிசி நொய்யை வறுத்து, சீரகம் இரண்டு சிட்டிகை, ஒரு பல் பூண்டு, உப்புப் போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி. இட்லி. மிளகு ரசம் விட்டுப் பிசைந்த சாதம். இதெல்லாம் உணவும் ஆச்சு, மருந்தும் ஆச்சு. வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் ஓஆர்எஸ் கடையில் வாங்குங்கள். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு வேண்டாம்.

ஈரோடு வாசகி: சுக்குத் தோலைச் சீவித்தான் போட வேண்டுமா?

பதில்: ஆமாம். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு. சுக்கின் மேல்தோலைச் சீவுங்கள், கடுக்காயின் கொட்டையை எடுத்துவிடுங்கள்.

விழுப்புரம் வாசகர்: மாடித் தொட்டியில் நிலவேம்பு வளர்க்கலாமா? சிறியாநங்கை என்று ஒரு செடி கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: பல ஊர்களில் நிலவேம்பைத்தான் சிறியாநங்கை என்கிறார்கள். பெயரை நம்பாமல் செடியைப் பாருங்கள். தண்டை விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளாது, நாலு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஈட்டி முனை போல நீண்டிருக்கும். பூ சின்னது, வெள்ளை, உதட்டில் ஊதாக் கறை. கசப்பு நாக்கை விட்டுச் சீக்கிரம் போகாது. ஆனால் தெரியாத செடியை மென்று பார்த்து அடையாளம் காண வேண்டாம், முதல் மூன்றும் பொருந்தாவிட்டால் வாயில் வைக்கவே வேண்டாம்.

தொட்டியில் நன்றாக வரும். அரை நிழல் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. பூக்கத் தொடங்கும்போது அறுங்கள், கசப்புச் சத்து இலையில் கூடுதலாக இருக்கும் சமயம் அதுதான். வேரோடு பிடுங்காமல் ஒரு சாண் விட்டு அறுத்தால் திரும்பத் தழையும். நிழலில் காயவைத்து, நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி ஒட்டுங்கள். இரண்டு செடியை மட்டும் அறுக்காமல் விட்டுவிடுங்கள். காய் முற்றினால் தானாக வெடித்துப் பக்கத்துத் தொட்டியெல்லாம் விதைத்துவிடும், அடுத்த மழைக்கு நீங்கள் நாற்றுக்கு அலைய வேண்டாம்.